மூலிகைப் பையில் செயற்பொருள் அளவு எங்கே?

ஆசிரியருக்கு,

வணக்கம். கறிக்கோழித் தீவனத்தில் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குப் பதிலாக மஞ்சள், பூண்டு, ஓமம், நிலவேம்பு போன்றவற்றைக் கலக்கலாம் என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். கலக்கலாம் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எவ்வளவு கலப்பது, எந்த வடிவில் கலப்பது, கலந்தது கோழியின் குடல்வரை போய்ச் சேருகிறதா என்ற கேள்விகளைக் கட்டுரை தொடவில்லை. இந்தப் பொருள்கள் பண்ணையில் பலன் தராமல் போவது பெரும்பாலும் இங்கேதான். 'மூலிகை போட்டுப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்லிவிட்டுப் பழைய மருந்துக்கே திரும்பும் பண்ணையாளர்கள் பல்லடத்திலும் உண்டு, நாமக்கல்லிலும் உண்டு. அவர்களுக்கும் பயன்படட்டும் என்று சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பண்ணையில் ஆன்டிபயாடிக் இரண்டு வேலைக்குப் போகிறது. நோய் கண்ட கோழிகளுக்குக் கால்நடை மருத்துவர் சொல்லிக் குடிநீரில் சில நாட்கள் கொடுப்பது ஒன்று. நோயே இல்லாதபோது, குஞ்சு இறங்கிய நாளிலிருந்து, டன் தீவனத்துக்கு இத்தனை கிராம் என்று தினமும் சிறிதளவு கொடுப்பது மற்றொன்று. பேசிட்ராசின், என்ராமைசின், டைலோசின், குளோர்டெட்ராசைக்ளின் எல்லாம் இந்த இரண்டாவது கணக்கில் தீவனத்துக்குள் வந்தவை. 1940களின் இறுதியில் அமெரிக்காவில், குளோர்டெட்ராசைக்ளின் தயாரிப்பில் மிஞ்சிய கழிவைத் தின்ற குஞ்சுகள் கூடுதல் எடை போட்டதைக் கண்டதிலிருந்து வந்த பழக்கம் இது. குறைந்த அளவில் நெடுநாள் கொடுத்தால் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் மருந்துக்குப் பழகிவிடும். அதனால்தான் சுவீடன் 1986-லும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதலும் இந்த இரண்டாவது பயன்பாட்டை நிறுத்தின. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும், பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா தாவக்கூடிய மரபணுவைச் சீனாவில் கண்டறிந்த செய்தி 2015-இல் வந்தது. 2019 ஜூலையில் இந்தியா அந்த மருந்தை உணவுக்கான கால்நடைகளில் தடை செய்தது.

மூலிகைச் சேர்மங்கள், அதாவது தீவனத்தில் சேர்க்கும் மூலிகைப் பொருள்கள், மாற்றாவது இந்த இரண்டாவது வேலைக்கு மட்டுமே. இ.கோலை பாக்டீரியா தாக்கி, கல்லீரலின் மேலும் இதய உறையின் மேலும் சீழ்ப்படலம் படிந்து கோழிகள் செத்துக்கொண்டிருக்கும் பண்ணையில் ஓமத்தையும் துளசியையும் நம்பி நாளைக் கடத்தினால் சாவுதான் கூடும். அங்கே பரிசோதனைக்கூடத்தில் எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்று பார்த்து, மருத்துவர் சொன்ன மருந்தை முழு அளவில், முழு நாட்களுக்குக் கொடுத்து, விற்பனைக்கு முன் விடவேண்டிய நாட்களை விட்டாக வேண்டும். வைரஸால் வரும் ராணிக்கெட் நோய்க்கோ, கம்போரோ நோய்க்கோ ஆன்டிபயாடிக்கும் பயன்படாது, கஷாயமும் பயன்படாது. 'எங்கள் மூலிகைத் திரவம் கொடுத்தால் தடுப்பூசியே வேண்டாம்' என்று யாராவது சொன்னால் அவரைப் பண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

இனி அளவுக்கு வருவோம். தாவரப் பொருள்களில் குடல் பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைக்கும் ஆற்றலுக்காக அதிகம் ஆராயப்பட்ட செயற்பொருள்கள், அதாவது உண்மையில் வேலை செய்யும் வேதிப்பொருள்கள், ஓமத்திலுள்ள தைமால், ஆரிகானோவிலுள்ள கார்வக்ரால், பட்டையிலுள்ள சின்னமால்டிஹைடு, கிராம்பிலுள்ள யூஜினால் ஆகியவை. ஓமத்தையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல ஓமத்தில் 2 முதல் 4 சதவீதம் எண்ணெய் இருக்கும். அந்த எண்ணெயில் ஏறத்தாழ 35 முதல் 60 சதவீதம் தைமால். ஆக ஒரு கிலோ ஓமத்தில் கிடைப்பது 7 முதல் 24 கிராம் தைமால். தீவனத்தில் பலன் தெரிய டன்னுக்கு 100 கிராம் அளவிலாவது தைமால் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், டன்னுக்கு 4 முதல் 14 கிலோ ஓமம் போட வேண்டும். கடையில் விற்கும் 'பத்து மூலிகைக் கலவை'யை டன்னுக்கு 2 கிலோ போடச் சொல்கிறார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு ஓமம் என்றால் 200 கிராம். தைமால் ஐந்து கிராமைக்கூடத் தொடாது. இதைத் தின்றதும் குடலைப் புண்ணாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா ஓடிவிடும் என்று எதிர்பார்க்க முடியுமா? பட்டியலில் மூலிகைகளின் பெயர் கூடக்கூட ஒவ்வொன்றின் அளவும் தேய்ந்துகொண்டே போகும். பத்துப் பெயர் போட்ட பையைவிட இரண்டு பெயர் போட்டு அளவும் சொல்லும் பையையே நாங்கள் நம்புவோம்.

மஞ்சளில் வேறு சிக்கல். டன்னுக்கு 5 கிலோ மஞ்சள்தூள் என்பது ஆய்வுகளில் அடிக்கடி பயன்படும் அளவு. குர்க்குமின் 3 சதவீதம் உள்ள மஞ்சளானால் 150 கிராம் குர்க்குமின் சேரும். ஆனால் குர்க்குமினைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் சக்கையும் சந்தையில் 'மஞ்சள்தூள்' என்றே விலை போகிறது. பார்வைக்கு மஞ்சள் நிறம் இருக்கும். குர்க்குமின் அரை சதவீதம் இருந்தால் அதிகம். அதே 5 கிலோவில் கிடைப்பது 25 கிராம். எண்ணெய் வடித்தபின் மிஞ்சும் ஓமச் சக்கைக்கும் இதே கதைதான். விலை மிகக் குறைவாகச் சொன்னால் சக்கையா என்று கேளுங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். காரீயக் குரோமேட்டும் மெட்டானில் மஞ்சளும் கலந்த தூள் அசல் மஞ்சளைவிடப் பளிச்சென்றே இருக்கும். இன்னொன்று, முட்டைக்கருவுக்கு நிறம் கூட்ட மஞ்சள் போடுகிறவர்கள் ஏமாறுவார்கள். கருவில் படிவது மக்காச்சோளத்திலும் செண்டுமல்லிப் பூவிலும் உள்ள சாந்தோஃபில் வகை நிறமிகள். குர்க்குமின் அந்த வகையைச் சேர்ந்ததல்ல, கருவில் அவ்வளவாக ஏறாது.

அளவு சரியாக இருந்தாலும் ஆலையில் அது காணாமல் போகலாம். கறிக்கோழித் தீவனம் குருணையாகவும், அழுத்தித் துண்டாக்கிய பெல்லட்டாகவும் வருகிறது. பெல்லட் அடிக்கும் முன் நீராவியில் மாவு 75 முதல் 85 டிகிரி செல்சியஸ்வரை சூடாகும். ஓம எண்ணெய், பட்டை எண்ணெய் எல்லாம் ஆவியாகக்கூடியவை. ஆலைக்குள் நல்ல வாசனை வந்தால் சிலர் மகிழ்கிறார்கள். அந்த வாசனை கோழிக்குப் போயிருக்க வேண்டியது. பூண்டில் நடப்பது வேறு. நசுக்கும்போது அலினேஸ் என்ற நொதி அலீனை அல்லிசினாக மாற்றுகிறது. நீராவிச் சூட்டில் நொதி செத்துவிட்டால் அல்லிசின் உண்டாகாது. முன்பே உண்டானதும் நிலைத்து நிற்காது. அதனால்தான் பெல்லட் தீவனத்துக்குக் கெட்டிக் கொழுப்புப் பூச்சுக்குள் அடைத்த எண்ணெய்த் துகள்களை வாங்க வேண்டும். சூட்டைத் தாங்குவதோடு பூச்சுக்கு இன்னொரு பயனும் உண்டு. பூச்சில்லாத எண்ணெயைக் கோழி சிறுகுடலின் மேல்பகுதியிலேயே உறிஞ்சிவிடும். கிளாஸ்ட்ரிடியம் பெருகும் கீழ்ப்பகுதிக்கு மிச்சமே வராது. பூச்சு மெல்லக் கரைந்தால்தான் பொருள் அங்குவரை இறங்கும்.

நாமக்கல் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. அங்கே பெரும்பாலும் பண்ணையிலேயே அரைத்த மாவுத் தீவனம், சூடே படுவதில்லை. எனவே பூச்சு இல்லாத எளிய தூள்களுக்கும் அங்கே வாய்ப்பு அதிகம். ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் மூட்டை கட்டி மூன்று வாரம் வைத்திருந்தால் அந்த அனுகூலமும் போய்விடும். கலந்த தீவனத்தை ஒரு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும். பூண்டைக் கண்டபடி கூட்டவும் கூடாது. டன்னுக்கு 5 முதல் 10 கிலோ பூண்டுத்தூள் போதும். அதற்கு மேல் போகப் போக முட்டையிலேயே பூண்டு வாடை ஏறும் அபாயம் உண்டு. கடைக்காரர் திருப்பி அனுப்புவார்.

கலப்பதிலும் தவறு நடக்கிறது. ஒரு டன் மாவின்மேல் ஒரு கிலோ சேர்மத்தைத் தூவிவிட்டு மிக்சரை ஓட்டினால் எல்லா இடத்துக்கும் ஒரே சீராகப் போகாது. அந்த ஒரு கிலோவை முதலில் 9 கிலோ எண்ணெய் நீக்கிய தவிட்டோடும், அந்தப் பத்துக் கிலோவைப் பின்பு 40 கிலோ அரைத்த மக்காச்சோளத்தோடும் கலந்து, இந்த ஐம்பது கிலோவை மிக்சர் பாதி நிறைந்த நிலையில் கொட்ட வேண்டும். உலர்ந்த பொருள்கள் கலந்த பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும். முதலிலேயே ஊற்றினால் தூள் உருண்டை உருண்டையாகிவிடும். கிடைமட்ட ரிப்பன் மிக்சருக்கு எல்லாம் போட்டபின் 3 முதல் 5 நிமிடம் தேவை. சீராகக் கலந்ததா என்று அறிய ஒரே கலவையின் பத்து இடங்களில் மாதிரி எடுத்து உப்பின் அளவைப் பார்க்கலாம். மாதிரிகளுக்கு இடையிலான மாறுபாட்டுக் கெழு 10 சதவீதத்தைத் தாண்டினால் மிக்சரின் பிளேடு தேய்ந்திருக்கிறது அல்லது நேரம் போதவில்லை. குடிநீர் வழியாகக் கொடுப்பவர்களுக்கு ஒன்று: எண்ணெய் தண்ணீரில் கரையாது. தண்ணீரோடு கலக்கும்படி பால்மமாக்கிய திரவம் இல்லையென்றால் எண்ணெய் மேலே மிதந்து, குழாயின் உட்சுவரில் படிந்து, கோழி நீர் குடிக்கும் நிப்பிளை அடைக்கும். கொடுத்து முடித்ததும் குழாய்களைக் கழுவிவிட வேண்டும்.

இயற்கைப் பொருள் என்பதாலேயே சுத்தமாக இருக்கும் என்று எண்ணுவது அடுத்த தவறு. சாலையோரத்தில், களத்துமேட்டில் தரையில் உலர்த்திய இலையைப் பொடித்துக் கலந்தால் சால்மோனெல்லாவை நாமே தீவனத்துக்குள் அழைத்து வந்தது போலாகும். சரியாகக் காயாத தூளில் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். மழைக்காலத்தில் மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு ஏறும்போது கல்லீரலுக்கென்று கீழாநெல்லி சேர்ப்பது நம் பகுதியில் பரவலான வழக்கம். சேர்க்கட்டும். ஆனால் அது நச்சைக் கட்டிப்போடும் பொருளுக்கு மாற்றாகாது. ஈரமான மக்காச்சோளத்தை வாங்காமல் திருப்பி அனுப்புவதற்கும் மாற்றாகாது. நிலவேம்பு வாங்கினால் இலை எவ்வளவு, தண்டு எவ்வளவு என்று பாருங்கள். ஆன்ட்ரோகிராஃபோலைடு இலையில்தான் அதிகம். தண்டை அரைத்துப் போட்டால் எடைதான் கூடும். நிலவேம்பும் வேப்பிலையும் அளவு மீறினால் கோழி தீனி எடுப்பது குறையும், தீனி குறைந்தால் எடையும் குறையும்.

மிளகைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். அதிலுள்ள பைப்பரின் மற்ற மருந்துகள் உடலுக்குள் உறிஞ்சப்படுவதைக் கூட்டவல்லது. சிகிச்சைக்காக மருந்து கொடுக்கும் நாட்களில் மிளகு, திப்பிலி சேர்ந்த கலவையை நிறுத்திவிடுவதே நல்லது. மருந்தின் அளவு கணக்கும் விற்பனைக்கு முன் விடவேண்டிய நாட்களின் கணக்கும் குழம்பாமல் இருக்கும். இதே வரிசையில், மூலிகைக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லாமல் விட மனமில்லாத ஒன்று: தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்கும் மோனென்சினோ சாலினோமைசினோ இருக்கும்போது தியாமுலின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் கோழிகள் கால் இழுத்துச் சாகும். என்ன கலந்திருக்கிறது என்று பையில் போடாத தீவனத்தால் வரும் ஆபத்துகளில் இதுவும் ஒன்று.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், மருந்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் மூலிகையை வைத்தால் மட்டும் போதாது. குடலில் கிளாஸ்ட்ரிடியம் பெருகுவதற்கான காரணங்களைக் குறைக்க வேண்டும். முதற்காரணம் காக்சிடியா. ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் இந்த ஒட்டுண்ணி குடல் சுவரைப் புண்ணாக்கிய இடத்தில்தான் கிளாஸ்ட்ரிடியம் குடியேறுகிறது. தரையில் பரப்பிய தென்னை நார்க்கழிவுக் கூளம் ஈரமாகிக் கட்டிதட்டினால் காக்சிடியா முட்டைகள் பழுக்கும். நிப்பிள் ஒழுக்கைச் சரிசெய்வது, கூளத்தைத் தினமும் கிளறுவது, ஈரம் 30 சதவீதத்தைத் தாண்டாமல் பார்ப்பது, ஒரு தொகுதி கோழிகள் போனபின் இரண்டு வாரமாவது ஷெட்டைக் காலியாக விடுவது ஆகியவற்றுக்கு எந்த மூலிகையும் ஈடாகாது. அடுத்த காரணம் செரிக்காத புரதம். சோயாப் புண்ணாக்கு சரியாக வேகாவிட்டால் அதிலுள்ள டிரிப்சின் தடுப்பான் செரிமானத்தைக் கெடுக்கும். மிஞ்சிய புரதம் கீழ்க்குடலில் பாக்டீரியாவுக்குத் தீனியாகும். சோயா வெந்ததா என்று காட்டும் யூரியேஸ் சோதனையில் காரகாடி (pH) மாற்றம் 0.05 முதல் 0.20-க்குள் இருக்க வேண்டும். லைசின், மெத்தியோனின், திரியோனின் ஆகியவற்றைத் தனியே சேர்த்துத் தீவனத்தின் மொத்தப் புரதத்தை ஒரு சதவீதம் குறைத்தால் கூளமும் உலர்வாக இருக்கும்.

டென்மார்க்கில் கறிக்கோழி வளர்ப்போர் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்குகளை 1998-இல் தாங்களாகவே நிறுத்தினார்கள். தீவன மாற்று விகிதம், அதாவது ஒரு கிலோ எடைக்குச் செலவாகும் தீவனம், மிகச் சிறிதளவே கூடியது, இறப்பு கூடவில்லை. ஆனால் காக்சிடியாவுக்கான சாலினோமைசின் அங்கே தொடர்ந்து தீவனத்தில் இருந்தது. அது கிளாஸ்ட்ரிடியத்தையும் அடக்கும். அமெரிக்காவின் டைசன் நிறுவனம் 'ஆன்டிபயாடிக் அறவே இல்லை' என்ற வாசகத்தைக் கைவிட்டு, 'மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக் இல்லை' என்ற வாசகத்துக்கு மாறுவதாக 2023-இல் அறிவித்ததும் இந்த வகைக் காக்சிடியா மருந்துகளுக்கு இடம் கொடுக்கத்தான். இவை மனிதருக்குக் கொடுக்கப்படாதவை. எங்கள் கருத்தில், மூலிகைக்கு மாறும் பண்ணை முதல் ஆண்டிலேயே காக்சிடியா மருந்தையும் நிறுத்த முயல வேண்டாம். இரண்டையும் ஒரே நேரத்தில் கைவிட்டவர்கள்தான் அதிகம் அடிபடுவார்கள்.

பலன் இருக்கிறதா என்று எப்படி அறிவது? சென்ற தொகுதியையும் இந்தத் தொகுதியையும் ஒப்பிடுவது கணக்கே அல்ல. குஞ்சும் மாறியிருக்கும், வெயிலும் மாறியிருக்கும். ஒரே பொரிப்பக, ஒரே நாள் குஞ்சுகளை ஒரே ஷெட்டில் நடுவில் வலை கட்டிப் பிரித்து, ஒரு பக்கம் சேர்மம் உள்ள தீவனம், மறுபக்கம் இல்லாத தீவனம் என்று கொடுக்க வேண்டும். பக்கங்களை அடுத்த தொகுதியில் மாற்றிக்கொள்ள வேண்டும். வாரந்தோறும் இரு பக்கமும் நூறு கோழியாவது எடை பார்த்து, தீவனத்தை மூட்டைக் கணக்கில் விடாமல் எடைபோட்டு எழுதி, செத்த கோழிகளின் குடலைத் திறந்து பார்க்க வேண்டும். கோடையில் ஒன்று, ஐப்பசி மழையில் ஒன்று, பனியில் ஒன்று என்று மூன்று தொகுதியாவது வேண்டும்.

பணக் கணக்கு எளிது. 2 கிலோ கோழி, தீவன மாற்று விகிதம் 1.6 என்றால் ஒரு கோழி 3.2 கிலோ தின்னும். ஒரு டன் தீவனம் சுமார் 312 கோழிக்கு வரும். சேர்மத்தால் விகிதம் 0.02 குறைந்தால் மிச்சமாவது 40 கிராம் தீவனம். தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் கோழிக்கு 1 ரூபாய் 60 காசு, டன்னுக்கு 500 ரூபாய். அந்த அளவு முன்னேற்றத்துக்கு டன்னுக்கு 500 ரூபாயைத் தாண்டும் சேர்மம் கைநட்டம். விற்க வருபவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கட்டுரை தவறவிட்ட இன்னொரு உண்மை: பல்லடம் பகுதியில் ஒப்பந்த முறையில் வளர்ப்பவருக்குத் தீவனத்தில் என்ன போவது என்று முடிவு செய்யும் உரிமை இல்லை. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்திடமிருந்து வருகின்றன. அவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்ற வளர்ப்புக் கூலி. 'பண்ணையாளர்களே, மூலிகைக்கு மாறுங்கள்' என்ற அறிவுரை அவருக்குச் சொல்லிப் பயனில்லை. இறைச்சியிலும் முட்டையிலும் இருக்கலாகாத மருந்து எச்சங்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் திருத்தப்பட்ட வரம்புகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கின்றன. அவை கோழி வளர்ந்து முடிந்தபின் பார்ப்பவை. தீவனப் பையில் என்ன இருந்தது என்று அவை சொல்லாது.

எனவே கால்நடை பராமரிப்புத் துறை கவனிக்க வேண்டியது இதுதான். ஒவ்வொரு தீவனப் பையிலும் அதில் சேர்ந்த ஆன்டிபயாடிக், காக்சிடியா மருந்து ஆகியவற்றின் பெயரும் டன்னுக்கான அளவும் தமிழில் அச்சாக வேண்டும். மூலிகைச் சேர்மம் விற்பவர் மூலிகைகளின் படத்தைப் போடுவதோடு நிற்காமல், தைமால் இத்தனை சதவீதம், குர்க்குமின் இத்தனை சதவீதம் என்று செயற்பொருளை எழுத வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் புரதம், அஃப்ளாடாக்சின் பார்ப்பதுபோல இந்தச் செயற்பொருள்களையும் சிறு பண்ணையாளரால் கட்டக்கூடிய கட்டணத்தில் பார்த்துத் தர ஏற்பாடு வேண்டும். மூலிகை என்ற பெயரில் வரும் திரவங்களில் என்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் ஒளிந்திருக்கின்றனவா என்றும் அங்கேயே சோதிக்கலாம். அந்தக் கல்லூரி வாரந்தோறும் கோழிப் பண்ணையாளருக்குத் தரும் வானிலை அறிக்கையைத் தங்கள் நாளிதழ் வெளியிடுகிறது. சோதனை முடிவுகளையும் அதனருகிலேயே வெளியிட முடியுமானால், எந்தப் பையை வாங்குவது என்று வாசகரே முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
தீவன ஆலைத் தரக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் சிலர்,
நாமக்கல்